பாதி நாவலும் மாரியாயியின் நாலு வரியும்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அதிகாரி போன வாரம் எனக்குப் போன் போட்டு, "புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்த எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார். என்னிடம் போய் ரெண்டு வார்த்தை என்று கேட்டது அவர் செய்த தப்பு. வார்த்தை ஆசையால் கெட்டு, வார்த்தையாலேயே தப்பித்தவள் நான். ஆரம்பித்தால் சுருக்கமாக நிறுத்த மாட்டேன்.

சாட்சிக்கு எப்படிச் சத்தியம் செய்து வைப்பது, எந்தப் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது, இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் எழுதப்போவது என் மானம் போன கதை. சந்தோஷமாகவே எழுதுகிறேன். 

எழுபதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு கோர்ட்டில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அப்போது கீழ்க்கோர்ட்டில் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் நடக்கும். சாட்சி தமிழில் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், மாஜிஸ்திரேட் அதைத் தன் கையால் எழுதிக்கொள்வார். நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். எனக்குச் சம்பளம் வந்ததும் அம்மாவைத் தோட்டத்து லயத்தை விட்டு அழைத்துவந்து, ஜெலாப்பாங்கில் ஒரு வாடகை வீட்டில் வைத்துக்கொண்டேன். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள். வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்திலேயே வளர்ந்த இடம் அது.

வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு வயதான மாஜிஸ்திரேட் சாட்சியைக் காட்டி, "இவன் இவேசிவாக இருக்கிறான், சொல்" என்றார். எனக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பிவிட்டது. கடைசியில் அவரே, "சுற்றி வளைக்காமல் பதில் சொல்லச் சொல்லம்மா" என்று எளிமையாகச் சொன்னார். எனக்கு அப்படியே தரைக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

என் பக்கத்து மேசைக்காரி மெய் லிங். கான்டனீஸ் சீன மொழிக்கு மொழிபெயர்ப்பாளர், என் வயதுதான். நாங்கள் இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசிக்கொள்வோம், அதை இங்கே நம் பேச்சில் தருகிறேன். அன்று மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அழுது என்னா ஆவப்போவுது? வார்த்த இல்லன்னா போய் வாங்கிட்டு வரலாம் லா!"

மார்க்கெட் பக்கம் பழைய புத்தகம் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே அட்டை கிழிந்த, செங்கல் கனத்தில் ஒரு அமெரிக்க நாவல். ரொம்பப் பழைய காலத்து எழுத்து. பெயர்ப் பக்கமே இல்லை. பெயரைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன், இந்தக் கதைக்கு அது வேண்டாம். பிரித்துப் பார்த்தால் ஒரே பக்கத்தில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்பது! மெய் லிங்குக்குப் பதினொன்று! இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். இருந்ததோ ஒரே புத்தகம். அவள் யோசிக்கவே இல்லை. ஆபீசுக்குக் கொண்டுபோய், கோப்பு நூல் அறுக்கிற கத்தியால் நடுமுதுகில் ஒரே வெட்டு. முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு. ஆகவே எனக்குக் கதை எப்படி முடிந்தது என்று தெரியாது, அவளுக்கு யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாது. "யாரோ ஒரு கெழவன் செத்துட்டான், எல்லாரும் அழுவுறாங்க, நல்லவனா கெட்டவனா?" என்று என்னிடம் வந்து கேட்பாள்.

தினமும் ஆளுக்குப் பத்து வார்த்தை. காலையில் கோர்ட் திறக்குமுன் ஒருத்தியை ஒருத்தி கேட்க வேண்டும். தோற்றவள் கோப்பி பிலாஞ்சா, அதாவது அன்றைக்கு அவள் வாங்கித் தரவேண்டும். என் நோட்டில் மூன்று பத்தி போட்டிருந்தேன். முதலில் இங்கிலீஷ் வார்த்தை, அடுத்து அகராதி அர்த்தம், மூன்றாவதில் எங்கள் தோட்டத்தில் அதை எப்படிச் சொல்வோம் என்பது. 'டாசிடர்ன்' என்றால் அதிகம் பேசாதவன். மூன்றாவது பத்தியில் 'வாயில கொழுக்கட்ட' என்று எழுதினேன். 'இம்பெர்டினென்ட்' என்பதற்கு 'வாய்க்கொழுப்பு'. 'ஆப்ஸ்டினேட்' என்பதற்கு 'முரண்டு புடிக்கிறவன்'. அந்த மூன்றாவது பத்தி எழுதும்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்து வார்த்தை தேடுவேன்! பஸ்ஸில் படித்தேன், சோறு வடிக்கும்போது படித்தேன். அம்மா, "பரீட்ச எதும் இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு நாள் மெய் லிங் தன் பாதியிலிருந்து 'எம்பெல்லிஷ்' என்று கேட்டாள். தெரியவில்லை, தோற்றேன். உள்ளதை உள்ளபடி சொல்லாமல் சோடித்துச் சொல்வது என்று அவள் விளக்கினாள். "ஓ, கண்ணு காது மூக்கு வச்சுப் பேசுறது!" என்று மூன்றாவது பத்தியில் எழுதிக்கொண்டு, கோப்பியும் வாங்கிக் கொடுத்தேன்.

நான் நோட்டில் எழுதிய வார்த்தை ஒன்றை முதல் தடவை கோர்ட்டில் ஒரு வக்கீல் வாயிலிருந்து கேட்ட நாளை மறக்கவே முடியாது. 'ஆப்ஸ்டினேட்' என்றார் அவர். எனக்குத் தெருவில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. எழுந்து கை தட்டாத குறைதான். மூலையில் உட்கார்ந்திருந்த மெய் லிங் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. கேட்கத் தெரிந்ததும், பேசவும் ஆசை வந்தது. சாட்சி "கோவம் வந்துச்சு" என்றால் கோபம் என்ற சின்ன வார்த்தையை விட்டுவிட்டு, நாவலில் பிடித்த ஒரு முழநீள வார்த்தையைப் போட்டேன். ஒரு வக்கீல் வெளியே வந்து, "மிஸ், உங்கள் இங்கிலீஷ் பிரமாதம்" என்று சொன்னார். தலை கனத்துப்போனது. தோட்டத்துப் பேச்சு என் வாய் வழியாகப் போனால் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போகிறது என்று பெருமைப்பட்டேன். அந்தப் பேச்சைப் பற்றி எனக்கு வெட்கம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இனி மாரியாயி வழக்குக்கு வருகிறேன்.

மாரியாயி நாற்பது வயதுப் பால்மரத் தொழிலாளி. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஒரு சாக்கு ஒட்டுப்பாலைத் திருடினார் என்று வழக்கு. ஒட்டுப்பால் என்பது மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர், அதைத் தனியாக உரித்துச் சாக்கில் சேர்த்து, எடை போடுகிற இடமான நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மழை நாளில், சாயங்காலம் லயத்துக்குப் போகிற பாதையில், அந்தச் சாக்கோடு இவரைத் தோட்டத்துக் காவலாளி பிடித்துவிட்டார். குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். அவருக்கு வக்கீலும் கிடையாது.

கோர்ட் தொடங்கும் முன், அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீ எந்தத் தோட்டம்?"

"நான் ஈப்போ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட் கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்த இளைஞர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்ன நடந்தது என்று மாரியாயியைக் கேட்டார். மாரியாயி கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"மழ வந்துருச்சுங்க. நிறுவைய மூடிட்டாங்க. அங்க விட்டா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். வீட்ல வச்சு காலைல குடுத்துரலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

எனக்கு உள்ளே கொதித்தது. ஏனென்றால் இது உண்மை என்று எனக்குத் தெரியும். மழையில் நிறுவை மூடினால் எங்கள் அம்மாவும் சாக்கை வீட்டுக்குத்தான் கொண்டுவருவார், அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டு மறுநாள் கொடுப்பார். லயத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கோர்ட்டில் நான் சாட்சி இல்லையே! இந்த நாலு வரியை நம்பி யார் இவரை விடுவார்கள் என்று நினைத்தேன். ஆகவே காப்பாற்றக் கிளம்பினேன், என் பாதி நாவலோடு. நான் அன்று இங்கிலீஷில் முழங்கியதைத் தமிழில் திருப்பினால் இப்படி இருக்கும்:

"பிரளயமெனப் பெருமழை பொழிந்த காரணத்தால், தோட்ட நிர்வாகத்தின் உடைமைக்குக் களவு நேருமோ என்று ஐயுற்று, அதனை உரியவரிடம் தக்க தருணத்தில் ஒப்படைக்கும் ஐயத்துக்கு இடமற்ற நோக்கத்துடன், பாதுகாப்புக் கருதி என் இல்லத்துக்கு எடுத்துச் சென்றேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாரியாயி மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவர் கெட்டவர் அல்ல, அவர் கேட்டது நியாயமான கேள்வி. "சார், ஸ்டேஷனில் இந்த அம்மா கொடுத்த வாக்குமூலம் என் கையில் இருக்கிறது. நாலு வரி. இன்று நோக்கம், உடைமை, உரியவர் என்று சட்டப் புத்தகம் மாதிரி பேசுகிறார். பள்ளிக்கூடம் போகாதவர். இடையில் யாரோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது ஜோடித்த கதை."

மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"இவை அந்த அம்மாவின் வார்த்தைகள்தானா?"

தம்பி, தங்கை, இந்த ஒரு கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். எனக்கு அன்று வந்தது. கோர்ட்டே என்னைப் பார்க்கிறது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை.

"எஸ், சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மாரியாயியிடம், "இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மாரியாயிக்கு ஒன்றும் புரியவில்லை. எதைச் சொல்லிக் கொடுத்தது? நாலு வரியில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? அவர் திகைத்து வாயடைத்து நின்றார். அந்த மௌனத்தை மாஜிஸ்திரேட் எழுதிக்கொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு மத்தியான இடைவேளை விட்டார்கள். கூண்டிலிருந்து இறங்கும்போது மாரியாயி என்னிடம் கேட்டார்.

"நான் சொன்னத சொல்லிட்டதான, தங்கச்சி?"

 பின்கட்டுக்கு ஓடிப்போய் மெய் லிங்கிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கடித்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த அக்கா சொன்னது எத்தன வரி?"

"நாலு."

"நீ சொன்னது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்கள காப்பாத்தத்தான்டி சொன்னேன்!"

"அது உன் வேல இல்ல லா" என்றாள் மெய் லிங். "இப்ப போய் உண்மைய சொன்னா உன் வேல போவும். சொல்லாட்டி அந்தக்கா வீடு போவும். எது பெருசுன்னு நீயே பாத்துக்க."

அவள் என்னைத் தேற்றவில்லை. அதற்கு இன்றுவரை அவளுக்கு நன்றி சொல்கிறேன். ஜெலாப்பாங் வீட்டில் அம்மா அந்த நேரம் குழம்பு வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மழை நாளில் சாக்கோடு வருகிற அம்மாவை யாராவது பாதையில் பிடித்திருந்தால், கோர்ட்டில் என்னைப் போல ஒருத்தி அவருக்காகப் பேசியிருந்தால்? மணி அடித்தது. உள்ளே போனேன்.

மாஜிஸ்திரேட் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். மொழிபெயர்ப்பாளர் தானாக எழுந்து பேசுவது வழக்கமே இல்லை. 

"சார், காலையில் எழுதிய சாட்சியத்தைத் திருத்த வேண்டும். தவறு என்னுடையது. நீங்கள் கேட்டபோதும் நான் பொய் சொல்லிவிட்டேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.  மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ என்ன செய்தாய் என்று சரியாகச் சொல்."

நோட்டு நிறைய வார்த்தை சேர்த்தவள் நான். அந்த நிமிஷத்தில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பறந்துவிட்டன. டாசிடர்ன் இல்லை, ஆப்ஸ்டினேட் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. நான் தோற்றுப்போய்க் கோப்பி வாங்கிக் கொடுத்த வார்த்தை.

"ஐ எம்பெல்லிஷ்ட் இட், சார்."

எத்தனையோ நாள் எத்தனையோ பெரிய வார்த்தைகளை ஆட்டிக் காட்டியவள், அன்றுதான் ஒரு வார்த்தையை அதற்குரிய இடத்தில் வைத்தேன். அந்தப் பயத்திலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது, நம்புவீர்களா!

"ஏன்?" என்றார்.

"அவருடைய வார்த்தைகள் போதாது என்று நினைத்துவிட்டேன், சார்."

 அவர் ஒரு புதுத் தாளை எடுத்தார். அதே கேள்வியை மாரியாயியிடம் மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். மாரியாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் அப்படியே சொன்னார். மழை வந்தது. நிறுவையை மூடினார்கள். அங்கே விட்டால் யாராவது எடுத்துப் போவார்கள். வீட்டில் வைத்துக் காலையில் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன். நாலு வரி. நானும் நாலே வரியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

மாஜிஸ்திரேட் கையை நீட்டினார். "இன்ஸ்பெக்டர், ஸ்டேஷன் வாக்குமூலத்தைக் கொடுங்கள்."

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிப் படித்தார். மழை, மழை. நிறுவை, நிறுவை. வீடு, வீடு. காலை, காலை.  பிறகு, காலையில் சாட்சி சொல்லியிருந்த தோட்டத்துக் கிராணியை, அதாவது கணக்கரை, மறுபடி கூப்பிட்டார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நிறுவை மூடியிருந்ததா?

"ஆமாங்க துவான், மழ. சீக்கிரமே மூடிட்டோம்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலீங்க."

அரை மணி நேரத்தில் தீர்ப்பு. பிடிபட்ட நாளிலிருந்து இன்றுவரை இந்தப் பெண் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார், அதை நான் நம்புகிறேன் என்று சொல்லி மாரியாயியை விடுதலை செய்தார். மெய் லிங் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

என் கதி என்ன ஆனது என்று கேட்பீர்கள். விளக்கக் கடிதம் கேட்டார்கள். ஒரு பக்கம் எழுதினேன், அதில் நீளமான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலையில் வைத்துக்கொண்டார்கள், நிரந்தரம் ஆவது மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. எண்பதுகளில் கோர்ட் மலாய்க்கு மாறியபோது மறுபடி முதலிலிருந்து நோட்டுப் போட்டேன், அதே மூன்று பத்தியோடு. நாவலில் பாதியை மெய் லிங்கோடு மாற்றிக்கொண்டு முடிவைப் படித்தேன். செத்த கிழவன் நல்லவன்தான் என்று அவளிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

ஆகவே, பெரிய வார்த்தைகளைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெறியோடு படியுங்கள்! அந்தப் பாதி நாவல் இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் சொன்னதே எனக்குப் பாதி புரிந்திருக்காது, என் தப்பைச் சொல்லவும் வார்த்தை கிடைத்திருக்காது. ஆனால் கூண்டில் நிற்பவருக்கு உங்கள் வார்த்தையை உடுத்திவிடாதீர்கள். அவர் மேல் இரக்கம் வந்தால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். அன்று என்னைக் கெடுத்ததில் பெருமை பாதி, இரக்கம் பாதி.

அன்று சாயங்காலம் கோர்ட் வாசலில் மாரியாயி பையை இடுக்கிக்கொண்டு நின்றார். நான் போய் எதிரில் நின்றேன்.

"அக்கா, காலைல கேட்டீங்கல்ல, நானும் தோட்டந்தான். எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க."

அவர் சிரித்தார். "தெரியும்."

"எப்படிக்கா தெரியும்? நான் ஈப்போன்னுதான சொன்னேன். அப்புறம் கோர்ட்ல பேசுனது இங்கிலீஷ், அது உங்களுக்குத் தெரியாதே!"

"தெரியாதுதான். மொத தடவ நான் நாலு வரி சொன்னேன், நீ பாட்டுக்கு நீட்டிக்கிட்டே போன. இவ யாரப் பத்திப் பேசுறான்னு பயந்துட்டேன்" என்றார் மாரியாயி. "ரெண்டாவது தடவதான் என் அளவுக்குப் பேசுன. அப்பத்தான் நம்ம பிள்ளன்னு தெரிஞ்சிச்சு."